தங்கமுத்து வீட்டு ஓனர் ஆனார்

1

கோபத்தில் எழுத உட்கார்ந்த கதை இது. திண்டுக்கல்லில் வங்கி வேலை பார்க்கும் தோழி ஒருத்தி சொன்னாள்: "தம்பிக்கு ஃபீஸ் கட்டுனா வரியில கழிக்க மாட்டாங்களாம். பெத்த பிள்ளைக்குக் கட்டுனாத்தான் கழிவாம்." அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. வீட்டின் முதல் பட்டதாரி. தம்பி அவள் சம்பளத்தில்தான் படிக்கிறான்.

'வருமான வரிச் சட்டம் குடும்பம் என்று எதை...' என்று தொடங்கினேன். வேண்டாம், கட்டுரை ஆகிவிடும்.

2

அவளுக்குத் தமிழ்நிலா என்று பெயர் வைக்கிறேன். மாதம் பிப்ரவரி. கழிவுக்கு ஆதாரம் கொடுக்காவிட்டால் மார்ச் சம்பளத்தில் வரி பிடித்துவிடுவார்கள். தம்பியின் கடைசி செமஸ்டருக்கு அவள் நம்பியிருந்ததும் அந்தச் சம்பளத்தைத்தான். (இப்போது முறை மாறிவிட்டது என்பீர்கள். தெரியும். இது பழைய முறையில் வந்த ஒரு பிப்ரவரி.)

இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்பு: கழிவு எல்லாம் கையில் மிச்சம் இருப்பவர்களுக்கு. தமிழ்நிலா காட்டக்கூடியது வாடகை மட்டும். அதை மாதாமாதம் அவள்தான் கொடுக்கிறாள். ஆனால் ரசீது தந்தால் தானும் கணக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டு ஓனருக்குப் பயம். "ரசீது வேணும்னா வேற வீடு பாத்துக்கம்மா."

பக்கத்து மேஜை ஐரின் சிரித்தாள். "நான் எங்கப்பா வீட்டுலயே இருந்துக்கிட்டு அவருக்கே வாடகை போடுறேன். மறுநாளே எனக்குத் திருப்பி அனுப்பிருவாரு. ஒங்கப்பாவ ஓனராப் போட்டுக் கையெழுத்து வாங்குடி. எவன் வீடு தேடி வரப்போறான்?"

(ஐரினைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சாப்பாட்டில் பாதியைத் தமிழ்நிலாவுக்கு வைப்பவள் அவள்.)

3

அப்பா தங்கமுத்து வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்தார். ஆயுசெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவர். தமிழ்நிலா சொன்ன விஷயம் புரிந்ததும் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஏத்தா, இந்த மாச வாடகை எங்க? தேதி அஞ்சாயிருச்சு."

"மொதல்ல கக்கூசுக்குக் கதவு போடுங்க ஓனரு," என்றாள் அம்மா பேச்சாயி. "எம்புட்டு நாளுக்குச் சாக்கத் தொங்கவிடுறது?"

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. சொந்தபந்தம் வந்தா ஒரு நா ராவுதான். சொல்லிப்புட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். பிறகு அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு ரசீதாகக் கையெழுத்திட்டார். கடைசியில் பேனாவை மூடவில்லை.

"மாட்டுனா, ஒன் வேலை போயிருமாத்தா?"

"வாடகை குடுக்குறது நெசந்தானப்பா."

"நான் அதக் கேக்கல."

(இங்கே அவளைப் பொங்கிப் பேசவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் ரசீதுகளைப் பைக்குள் வைத்தாள், அவ்வளவுதான். பொங்கியது நான்.)

4

முடிவு ஒன்று: கொடுத்தாள், கழிந்தது, தம்பி படித்தான். முடிவு இரண்டு: கிழித்தாள், வரி போனது, தம்பி பையைத் தூக்கிக்கொண்டு மில் பஸ்ஸில்... இல்லை, எழுத வரவில்லை.

ஆகவே ஆதாரம் சரிபார்க்கும் மேஜையில் நீங்கள் உட்காருங்கள். ஐரின் கொடுத்த ரசீதில் ஓனர் நிஜம், வாடகை பொய். தமிழ்நிலா நீட்டுவதில் வாடகை நிஜம், ஓனர் பொய். முன்னதுக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டீர்கள்.

இவள் எதிரே நிற்கிறாள். இப்போது ஏன் கை நிற்கிறது?