தொண்ணூற்றெட்டு டிகிரித் தகப்பன்

அந்த வாடகைக் கார் ஓட்டுநரின் உடல் வெப்பம் நான்கு வருடங்களாகத் தொண்ணூற்றெட்டு டிகிரியாக இருந்தது. செல்சியஸில். தண்ணீர் கொதிப்பதற்கு இரண்டு டிகிரி குறைவு. முதல் தெர்மாமீட்டர் அவருடைய அக்குளிலேயே வெடித்துவிட்டதால், நர்ஸ் ஆய்வகத்திலிருந்து பெரியதொன்றை வாங்கிவந்து அளந்து, சீட்டில் 98 என்று எழுதினார். மருத்துவர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. "நார்மல்தானே, எதுக்கு வந்தீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஏழு மருத்துவர்கள் ஆளையும் பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், அவ்வளவுதான். ஓட்டுநருக்கு வலி ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், சிமெண்டுத் தரையில் தூங்கினார், தினமும் வண்டி ஓட்டினார். குளிர்மாதங்களில் பயணிகள் அவர் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஒரே ஒரு குறை, அதுதான் அவரைத் தின்றது. சூடு வந்த மறுமாதம் பிறந்த மகளை அவர் இதுவரை தொட்டதில்லை.

ஒரே ஒருமுறை தடித்த கையுறை போட்டுக்கொண்டு தூக்கப் போனார். குழந்தையின் சட்டைப் பொத்தான்கள் உருகி வழிந்தன. அன்றைக்கே மனைவி கூடத்தின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டாள். கோட்டுக்கு இந்தப்பக்கம் அவர், அந்தப்பக்கம் மகள். ரப்பர் பந்து தாங்காது என்பதால் எவர்சில்வர் டம்ளரை உருட்டி விளையாடினார்கள். அப்பா உருட்டிவிட்ட டம்ளரை மகள் சப்பணமிட்டு உட்கார்ந்து ஊதுவாள், ஆறிய பிறகுதான் எடுத்துத் திருப்பி உருட்டுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரக் காரணமும் இல்லை. அப்படியொரு தங்கமான வண்டி. முந்நூறு கிலோமீட்டர் ஓடி வந்தாலும் என்ஜின் ஆற்றுக்கல் மாதிரி சில்லென்று இருக்கும், டாஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி அடிக்கோட்டை விட்டு அசையாது. அது பெட்ரோலை மடக்மடக்கென்று குடித்துக் கரும்புகை விடத் தொடங்கிய பிறகுதான் ஓட்டுநர் அதைத் தன் அக்காவின் பட்டறைக்குக் கொண்டுபோனார். அக்கா மெக்கானிக். இருபது வருட அனுபவம், இருநூறு பேருக்கு வேண்டிய வாய். வண்டி தன்னை எந்நேரமும் குளிர்ந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு அளவுக்கு மேல் பெட்ரோல் கேட்கிறது, ஆகவே வெப்பச் சென்சார் செத்திருக்க வேண்டும் என்று புகையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். புதியது ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பழையதைத் தேடினார்.

சென்சார் அங்கே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் துளைகூட இல்லை, வழவழவென்று இரும்பு. அக்கா இரண்டு நாள் டார்ச்சும் கண்ணாடியுமாகக் கவிழ்ந்து கிடந்தார். மூன்றாம் நாள் சென்சாருக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது என்ஜின் தடுப்பைத் துளைத்து, மிதியடிக்கு அடியில் ஓடி, ஓட்டுநர் இருக்கையின் பஞ்சுக்குள் ஏறி, முதுகு சாயும் இடத்தில் எட்டிப் பார்த்தது. அக்கா தம்பியைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தார். பிறகு, "டேய், சட்டையைக் கழட்டு" என்றார். இடது தோள்பட்டைக்குக் கீழே, மரு என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்த இடத்தில், ஆறுபக்கப் பித்தளைத் தலை ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தார். பனிக்கட்டிக்குள் கிடக்கும் சென்சார் காட்ட வேண்டிய எண்ணை அது காட்டியது.

"அட பாவி, நீ சில்லுன்னு இருக்கேன்னு இது நாலு வருசமா பொய் சொல்லிக்கிட்டிருக்குடா. அதை நம்பி வண்டியில சூட்டை ஆத்துற ஃபேனும் சுத்தல. ஃபேன் சுத்தலைன்னா நீ கொதிக்காம என்ன பண்ணுவே?"

சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்பது பட்டறையின் முதல் விதி. திறந்தால் உள்ளே இருப்பது முகத்தில் பீச்சியடிக்கும். ஆறட்டும் என்று தம்பியை மூன்று நாள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவர் ஆறவில்லை. அவருக்குள்ளிருந்து என்ன பீச்சும், பீச்சிய பிறகு ஆள் மிஞ்சுவாரா என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எடுத்த ஸ்பானரை அக்கா திரும்ப மேசையில் வைத்தார். இருபது வருடத்தில் முதல்முறை.

"அவளை ஒரு தடவை தூக்கிட்டா போதும்க்கா. கழட்டு" என்றார் தம்பி.

அக்கா திட்டம் போட்டுத்தான் இறங்கினார். பழையதைக் கழற்றியதும் துளையைப் பித்தளை ஆணியால் அடைப்பது, புதியதை என்ஜினில் துளையிட்டு மாட்டுவது. அரைச்சுற்று சுற்றினார். ஆவி விசிலடித்துக் கிளம்பியது. பட்டறை வெளுத்தது, எதிர்க்கடைக் கண்ணாடிகள்கூட வியர்த்தன. ஒன்றும் தெரியாத அந்த வெண்மைக்குள் அக்காவின் கை இருபது வருடப் பழக்கத்தில் தானாகவே வேலை செய்தது. பழையதை எடுத்த வேகத்தில் புதியதை அதே துளையில் வைத்து இறுக்கிவிட்டது. ஆவி விலகியபோது ஆணி மேசையிலேயே இருந்தது.

"கைப்பழக்கம்டா... உனக்குள்ளயே போட்டுத் தொலைச்சிட்டேன்டா!" என்று அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. பானெட் திறந்து கிடந்த காரில், நான்கு வருடமாகச் சுற்றாத ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சாவி அக்காவின் பையில் இருந்தது. தம்பியின் உடம்பு எண்பதுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் முப்பத்தேழில் நின்றது, ஃபேனும் நின்றது. வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற தெருவாசிகளில் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

வீட்டில் அவர் கோட்டைத் தாண்டினார். மகள்தான் பயந்து பின்னால் நகர்ந்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, தொடாமல், பழக்கப்படி ஊதினாள். அப்புறம் தொட்டாள். முழு உள்ளங்கையையும் அவர் கன்னத்தில் வைத்தாள்.

"அம்மா, சுடலைம்மா" என்றாள்.

அவர் அவளைத் தூக்கினார். வாசலில், பூட்டிக் கிடந்த காரில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. ஊசி உச்சியைத் தொட்டு நின்றதை ஜன்னல் வழியாக அண்டைவீட்டார் பார்த்தார்கள். இருட்டும்வரை அவர் அவளை இறக்கவில்லை, அதுவரை ஃபேனும் நிற்கவில்லை. "பாட்டரி இறங்கிடும் அண்ணி" என்று மனைவி, கூடவே வந்திருந்த அக்காவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இறங்கட்டும், விடு" என்றார் அக்கா.

மகளுக்கு இப்போது பதினேழு வயது. தூக்க முடியாது, தூக்கவும் விடமாட்டாள். ஆனாலும் தினமும் நாலேகால் மணிக்கு, அவள் தெருமுனையில் திரும்புவதற்குள்ளாகவே வாசலில் ஃபேன் சுற்றத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துபோய்த் தட்டு எடுத்து வைப்பாள்.