இரண்டிலிருந்து மூன்று வரை

வெறும் சவப்பெட்டிதான், ஆனாலும் வாசலில் சிக்கிக்கொண்டது. தூக்கி வந்த நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, உள்ளே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் எழுந்து வந்தார்.

"தலைமாட்டுப் பக்கம் ரிவர்ஸ் வாங்க. வரலாம்... வரலாம்... போதும். இப்ப இடதுபக்கம் ஒடிங்க."

பெட்டி உள்ளே வந்தது. அவர் மனைவியை அதில் கிடத்தினார்கள். இதற்கு மட்டும்தான் நான் லாயக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நொடி கண் அசந்ததில்லை. ஆனால் முழங்கால் போட்டால் போதும், பாழாய்ப்போன தூக்கம் எங்கிருந்துதான் வருமோ! குடும்ப ஜெபத்தில் நாலு வார்த்தை தாண்டுவதற்குள் தலை கட்டிலில் சாய்ந்துவிடும். மனைவி கண்ணைத் திறக்காமலே, ஜெபத்தையும் நிறுத்தாமலே, நங்கென்று ஒரு குட்டு வைப்பாள். பிறகு, "பஸ்ஸுல அம்பது உசுரு இருந்தா முழிச்சிருப்பீங்க. இங்க நான் ஒருத்திதானே?" என்று சிரிப்பாள்.

அவளுக்கு நோய் முற்றியதும் சபையில் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் முழங்கால் போட வேண்டும், நடுவில் அறுபடக் கூடாது. மகள் கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை அப்பா. பத்து நாள் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சமாளித்தார். நேற்று பதினோராம் நாள், காலையிலிருந்து உபவாசம் வேறு. கட்டிலோரம் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இவளை" என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மகளின் அலறல்.

"மூணு மணிக்கு என் முறைன்னு வந்தேன்" என்று மகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். "அப்பா தலை குனிஞ்சு ஜெபத்துல இருந்தார். கலைக்க மனசு வரல, பத்து நிமிஷம் கதவுகிட்டயே நின்னேன். அம்மா அந்த ஜெபத்துலயே போயிட்டாங்க."

"கொடுத்து வச்சவங்க" என்றார்கள் கேட்டவர்கள்.

ஒவ்வொரு தடவையும் அவருக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. சபையில் காலில் கட்டுப் போட்டிருந்த தையல்காரர்கூடத் தன் மணியைத் தவறவிடவில்லை. இவர் முறையில்தான் சங்கிலி அறுந்தது, அவளும் போய்விட்டாள். தண்ணீர் கேட்டாளோ? "என்னங்க" என்று கூப்பிட்டாளோ? இருவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லையே. ஒரு குட்டு வைத்திருக்கக் கூடாதா?

பாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிரதர், ஆராதனையில இதைச் சாட்சியாச் சொல்லப்போறேன். முழங்கால்ல இருந்து வழியனுப்பின புருஷன்! கேக்குறவங்களுக்கு எவ்வளவு பலமா இருக்கும்."

வேண்டாம் என்று தலையாட்டினார். "தூங்கிட்டேன் பாஸ்டர்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "தூங்கிட்..." வரைக்கும்தான் வந்தது, வார்த்தையின் வால் அழுகையில் முழுகிவிட்டது.

பாஸ்டர் அவர் தோளை அணைத்துக்கொண்டார். "ஆமா பிரதர். கர்த்தருக்குள்ள நிம்மதியாத் தூங்கிட்டாங்க."

"அவ இல்ல பாஸ்டர்..."

"இங்க இல்லதான். பரலோகத்துல இருக்காங்க."

அவர் முகத்தைத் திருப்பினார். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. நேற்றைய இரண்டு மணிக் கட்டத்திலும் மகள் டிக் போட்டிருந்தாள்.

பெட்டியை மூடுமுன் கடைசி ஜெபம். எல்லோரும் முழங்கால் போட்டார்கள். அவர், அவள் குட்டு வைக்கும் வலது கைப் பக்கமாக நகர்ந்து போனார். விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. பாஸ்டர் ஆரம்பித்தார். நேற்று மதியத்திலிருந்து ஓட்டுநருக்குப் பொட்டுத் தூக்கமில்லை, இப்போதும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கைக்கு எட்டும்படி பெட்டி விளிம்பில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தூங்குகிறவர்போல மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"ஆமென்" என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை.

மூடியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் குனிந்து அவர் தோளைத் தொடப் போனார். மகள் தடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க. அப்பா ஜெபத்துல இருக்கார்."

மூடியைப் பிடித்தபடி அவர்கள் காத்து நின்றார்கள்.