ஆர்கன் நின்ற சனிக்கிழமை

என் அப்பாவுக்கு ரகசியம் பேச வராது. தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் ஆயுள் முழுக்க இரும்புத் தகடு தட்டியவர். காது முக்கால்வாசி போய்விட்டது. போன காதுக்கும் சேர்த்துத் தொண்டை வேலை செய்கிறது. அவர் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று "உப்பு எங்க?" என்று கேட்டால், எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, "மேல்தட்டுல பாருங்கண்ணே" என்பார். பட்டறையில் வைத்த பெயர் சம்மட்டி. தெருவிலும் அதுதான். காதுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நகை மாதிரி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதர் மாதம் தவறாமல் முதல் சனிக்கிழமை மாலை மாதா கோயிலுக்கு, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். மரக்கூண்டில் முழங்கால் போட்டு, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமியாரிடம் காதோடு காதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார். ஒருமுறை, எதிர்வீட்டு அக்காவின் பூனையைத் திட்டிய பாவத்தை வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அந்த அக்காவும் வரிசையில்தான் நின்றார். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது.

நான் அந்தக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். வாரநாட்களில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. உள்ளே மருத்துவர் பல்லைக் குடைய ஆரம்பித்ததும் வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து ஓடிவிடாதபடி ரேடியோவைக் கூட்டி வைப்பதும் என் பொறுப்பு. அதே வைத்தியத்தை அப்பாவுக்கும் செய்தேன். அவர் கூண்டுக்குள் போனதும் பக்கத்திலேயே இருக்கும் ஆர்கனை முழுச் சத்தத்தில் தொடங்குவேன். வெளியே வந்ததும் நிறுத்துவேன். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் விஷயம் தெரியும், அவரைத் தவிர. "நான் முழங்கால் போட்டாலே பாட்டு வந்துடுது பாத்தியா பாப்பா" என்று பூரித்துப் போவார். நானும் பல வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. மற்றவர்கள் கூண்டிலிருந்து வரும்போது முகம் தெளிந்திருக்கும். இவர் மட்டும் தொங்கிய முகத்தோடு வருவார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. "அப்படி என்னதான் பாவம் பண்றீங்க மாசாமாசம்?" என்று எரிந்து விழுவேன். "அது எனக்கும் கடவுளுக்கும்" என்பார்.

நான் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். அப்பா ஒற்றை ஆளாக என்னை வளர்த்தார். தகடு முறுக்குகிற கையால் எனக்குப் பின்னல் போட்டுவிடுவார். சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது, ஆனால் புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும். பள்ளி விழாவில் அவர் கைதட்டினால் மேடையில் பாடுகிற பிள்ளை பாட்டை மறந்துவிடும். பாவத்துக்கும் அவருக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை அப்பா உள்ளே போனார், நான் தொடங்கினேன். பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ஆர்கன் நின்றது, மின்விசிறிகள் நின்றன. அந்த அமைதியில் அப்பாவின் குரல் மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது.

"ரெண்டுல ஒரு உயிர்தான் தப்பும்னு டாக்டர் சொன்னார் சாமி. நான் கடவுள்கிட்ட கேட்டேன். பிள்ளைய எடுத்துக்கோ, என் பொண்டாட்டிய விட்டுடுன்னு கேட்டேன். பெத்த மகளைச் சாகடிக்கச் சொன்னவன் சாமி நான்."

வரிசையில் ஒருவர் கூரையைப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா பலமாக இருமிப் பார்த்தார். அந்தக் குரலுக்கு எந்த இருமல் ஈடுகொடுக்கும்? என் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே இருந்தன. வலித்தது. அந்தப் பின்னல், அந்தக் கைத்தட்டல், எல்லாம் இதற்குத்தானா என்று வலித்தது.

எங்கள் சாமியார் அதிர்ந்து பேசாதவர். அன்று அவருக்கும் பொறுமை போய், குரல் உயர்ந்துவிட்டது.

"இதையே எத்தனை மாசம் சொல்வீங்க? மன்னிச்சாச்சுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றேனே! கடவுள் முதல் தடவையே மன்னிச்சு, அதை மறந்தும் போயிட்டார். நீங்கதான் விடாம அவருக்கு ஞாபகப்படுத்துறீங்க!"

அப்பா திரையை நோக்கி நகர்ந்ததில் கூண்டு கிரீச்சிட்டது.

"சொன்னீங்களா? எப்ப சாமி சொன்னீங்க?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னேனே!"

"எனக்குக் கேக்கலையே சாமி. பாட்டு வர ஆரம்பிச்சப்புறம்தான் இதைச் சொல்லவே தைரியம் வந்துச்சு, ஆனா அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. நீங்க கையைத் தூக்குறது மட்டும் நிழலாத் தெரியும். இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு கிடையாது, எழுந்து போன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். திரும்பக் கேக்க வெக்கமா இருந்துச்சு. சரி, அடுத்த மாசம் வந்து பாப்போம்னு போயிடுவேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அவருடைய மன்னிப்பை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

சாமியார் இந்த முறை பட்டறைக்காரர் மாதிரியே கத்திச் சொன்னார்: "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உங்க பாவங்களை மன்னிக்கிறேன்!"

அப்பா சொன்ன ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வரிசையில் நின்றவர்களும் தங்களை மறந்து ஆமென் சொல்லிவிட்டார்கள்.

அப்பா கண்ணைத் துடைக்காமலே வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் பாப்பா பாட்டு வரலை?"

"கரண்ட் இல்லப்பா."

அவர் ஆர்கனைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அப்போ உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." என் கோபம் எனக்கு முன்னால் பேசியது. "என்னை வளத்தது எல்லாம் பரிகாரமாப்பா?"

"ஒரு வாரம் அப்படித்தான் பாப்பா தூக்கினேன். பயந்துக்கிட்டே தூக்கினேன். அப்புறம் ஒருநாள் நீ தும்மினே. தும்மிட்டு, என்னமோ நான்தான் தும்ம வச்ச மாதிரி என்னை ஒரு முறை முறைச்சே பாரு! அதோட பரிகாரமெல்லாம் போச்சு. எனக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுள் மன்னிச்சிட்டாராம். நீ?"

இது அவருக்கு முதல் தடவையே கேட்க வேண்டும். அவர் காதருகில் குனிந்து, என் தொண்டையில் இருந்த மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் கத்தினேன்.

"மன்னிச்சாச்சுப்பா!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று காதைத் தேய்த்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் இதைத் திரும்பச் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். ராத்திரி படுக்குமுன்ன நன்றி சொல்வேனே, அதை மட்டும் சொல்லிக்கிறேன்."

"எதுக்கு நன்றி?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

"அன்னைக்கு நான் கேட்டதைக் கடவுள் குடுக்காததுக்கு."

கோயில் முழுக்கக் கேட்டது. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நான் ஆர்கனைத் தொடவில்லை.