மண்டபம் வேண்டாம்

சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாதவள் தன் படுக்கை விரிப்பைத் தானே தோய்க்கத் தொடங்கினால் எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரும். பிறேமாவுக்கும் வந்தது. ஜெர்மனியில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையொன்றில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவள், மகளின் ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தாள். சிகரெட் மணக்கவில்லை. பையைக் கிண்டினாள், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே கூடுதல் பயமாக இருந்தது. பதின்மூன்று வயதுத் தேனுஜா முகம் வெளிறி, எந்நேரமும் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். பின்னால் எவனோ இருக்கிறான் என்று பிறேமா முடிவுகட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். விளையாட்டுப் பாடத்தில் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாளாம். வேலை மேலங்கியைக் கழற்றாமலே ஓடிப்போய்க் கூட்டி வந்தாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டாள். "ஆரவன்? உண்மையைச் சொல்லு."

"ஆரும் இல்லை."

"பொய். பிறகேன் கள்ளமா உடுப்புத் தோய்க்கிறாய்?"

"அம்மா, எனக்கு வந்திட்டுது. கிறிஸ்மஸுக்கு முந்தியே."

பிறேமா கதிரையில் இருந்துவிட்டாள். "அதையேனடி ஒளிச்சனி?"

"சொன்னா மாமிக்குச் சொல்லுவியள். அவ ஹோல் புக் பண்ணுவா. ஜெசிக்காவின்ர சாமத்தியச் சடங்கில அவளைப் பல்லக்கில தூக்கிக்கொண்டு போக, மேல ட்ரோன் நிண்டு படம் எடுத்தது. அந்த வீடியோ அவளின்ர வகுப்பு முழுக்கப் போய், இப்பவும் 'பிரின்ஸெஸின்', இளவரசி எண்டு நக்கலடிக்கிறாங்கள்."

மாமி என்பது தகப்பனின் அக்கா புஷ்பமலர். ஜெசிக்கா அவளுடைய மகள், தேனுஜாவின் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறவள்.

"நக்கலுக்கு ஆரும் மயங்கி விழுறதே?"

"கனக்க இரத்தம் போகுது, அம்மா. ஒரு கிழமை தாண்டியும் நிக்குதில்லை. டொக்டரிட்டப் போவமெண்டா, அங்க றிசெப்ஷனில இருக்கிறது மாமியின்ர சிநேகிதி."

ஊரார் இரத்தக்கறையை நாள் முழுக்கப் பிரித்துப் போடுகிறவளுக்கு மகளின் வெளிறல் விளங்கவில்லை. கண் பெடியனைத் தேடிக்கொண்டிருந்தது.

கைபேசி அடித்தது. புஷ்பமலர்.

"பிறேமா, பிள்ளை விழுந்திட்டாளாமே? ஜெசிக்கா சொன்னவள். என்ன, பெரிய பிள்ளையாகிட்டாளோ? மறைக்காதை, தலைக்குத் தண்ணி வார்க்கிறது நான்தான்."

தேனுஜா தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்றால் தண்ணீர் வார்ப்பிலிருந்து மண்டபம் வரை எல்லாம் புஷ்பமலரின் கைக்குப் போய்விடும். பிள்ளை இனி எந்த வருத்தத்தையும் வாய் திறந்து சொல்லாது.

"இல்லை மச்சாள். காலமை சாப்பிடாமல் போனவள், அதுதான்."

"உண்மையாவோ?"

"ஓம். உங்களுக்குச் சொல்லாமல் வேற ஆருக்குச் சொல்லப்போறன்?"

கைபேசியை வைத்துவிட்டு மகளின் முகத்தில் நன்றியைத் தேடினாள். காணவில்லை.

"நான் நித்திரையானாப்பிறகு சொல்லுவியள்," என்றாள் தேனுஜா.

"பக்கத்து டவுன் சோஸ்ட்டில ஒரு பொம்பிளை டொக்டர் இருக்கிறா. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போறன்."

"ஹோல்?"

"ஹோலும் இல்லை, ட்ரோனும் இல்லை."

"அப்பா?"

"அப்பாவுக்குச் சொல்லத்தான் வேணும். ஹோல் இல்லையெண்டும் சேர்த்துச் சொல்லுறன்."

பிறேமா அந்த டொக்டரைப் பார்க்க நேரம் எடுக்க இலக்கத்தை அழுத்தினாள். தேனுஜா எழும்பி வந்து தாயின் தோளோடு ஒட்டி நின்றாள்.

"ஸ்பீக்கரில போடுங்கோ," என்றாள். "ஆரோட கதைக்கிறியள் எண்டு நானும் கேக்கவேணும்."