ஊர்த்தெருப் பக்கம் திரும்பிய குழாய்

1978 வைகாசியில், கீழ்பென்னாத்தூர் அருகே ஓர் ஊரில், மூங்கிலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி தானாகத் திரும்பியது. அந்த வாரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலை இறங்கியிருந்தது. மழை இல்லை.

குழாய், திருவண்ணாமலையில் மைக்செட் வாடகைக்கு விடும் கவுஸ் பாஷாவுடையது. காலனியில் கல்யாணம் என்றால் அதை வயல் பக்கம் பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. கல்யாண ஊர்வலமும் ஊர்த்தெருவில் நுழையாமல் ஏரிக்கரையைச் சுற்றித்தான் கோயிலுக்குப் போகும். மணப்பெண் சந்திரம்மாள் தாலி ஏறிய கையோடு சொல்லிவிட்டாள்: "ஏரிக்கரை வழியா பொணம் போவட்டும். நான் ஊர்த்தெருவுலதான் போவேன். இல்லன்னா இங்கயே குந்திக்கிறேன்." குந்திக்கொண்டாள். வெயில் சாய்ந்தும் எழவில்லை.

அவள் மனசு மாறட்டும் என்று பாட்டுப் போடச் சொன்னார்கள். ரமணாசிரமம் பக்கம் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டை, பாட்டு என்று நினைத்துக் கவுஸ் பாஷா போட்டார். கனத்த குரலில் ஒருவர் இங்கிலீஷில் பேசினார். நடுநடுவே பெருங்கூட்டம் கைதட்டியது. குழாய் மெல்லத் திரும்பி ஊர்த்தெருவைப் பார்த்து நின்றது. கவுஸ் பாஷா ஏறி வயல் பக்கம் திருப்பிக் கட்டினார். அவர் இறங்குவதற்குள் மறுபடி திரும்பிவிட்டது. "கயிறு சரியில்லீங்க," என்றார்.

"யாரு மாமா இவரு? எந்தக் கட்சி?" என்றாள் சந்திரம்மாள்.

மாப்பிள்ளை அர்ஜுனன் பி.ஏ. படித்தவன். "அமெரிக்காவுல ஒரு பாதிரியார். கறுப்பு ஜனங்களும் வெள்ளைக்காரங்களும் சமம்னு பேசறாரு."

"அங்கயும் ஊர்த்தெரு இருக்குதா?"

"இருக்கும்போல."

"அதுக்கு அவுங்க என்னா பண்ணாங்க?"

"லட்சக்கணக்குல ஜனங்க நடந்து போனாங்களாம்."

"ஒரு தெருவுக்கு நாம நூறு பேரு பத்தாதா? எழுந்திரு மாமா."

குழாய் மூங்கிலை விட்டுக் கிளம்பி, ஆள் உயரத்தில் முன்னால் மிதந்தது. ஒயர் கம்மிதான். போகப்போக நீண்டுகொடுத்தது.

தெருமுனையில் வேணு நாட்டாமை தடிகளோடு ஆட்களை நிறுத்தியிருந்தார். திட்ட வாயைத் திறந்தார். கைத்தட்டல் வந்தது. இசைத்தட்டில் கேட்ட அதே கூட்டத்தின் கைத்தட்டல். மூடினால் நின்றது; திறந்தால் முன்னைவிட ஜாஸ்தி. ஆட்கள் வாயிலும் அதுவே வந்தது. அவ்வளவு கைத்தட்டலுக்கு நடுவில் தடியை ஓங்க யாருக்கும் கை எழவில்லை. பெண்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். "இம்மாம் வரவேற்பு நான் நெனைக்கல மாமா," என்றாள் சந்திரம்மாள். ஊர்வலம் கோயில்வரை போனது.

மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நாட்டாமைக்கு ஆகவில்லை. விலை கேட்கலாம், பேரனைக் கொஞ்சலாம். யாரையாவது தெருவில் வராதே என்று சொல்ல வாயெடுத்தால் மட்டும் கைத்தட்டல். வேலூர் டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். காலனி ஆட்கள் தெருவில் நடந்தார்கள், பிறகு சைக்கிளில் போனார்கள், பிறகு பெல் அடித்துக்கொண்டு போனார்கள். கவுஸ் பாஷா அந்த ஊரில் குழாயை இறுக்கிக் கட்டுவதை விட்டுவிட்டார். அது வேண்டிய பக்கம் திரும்பிக்கொள்ளும்.

1987இலும் சந்திரம்மாள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தான் கூட்டிப்போனாள். அவளைக் கண்டதும் நாட்டாமை வாயைத் திறப்பார். தெருவே அதிரும்படி கைத்தட்டல் எழும்.

"இருக்கட்டும் நாட்டாமை, இருக்கட்டும்," என்பாள் சந்திரம்மாள், நடையை நிறுத்தாமல்.