பியானோவுக்குப் போட்ட சாம்பிராணி

ஹோட்டல் விளம்பர வீடியோவுக்கான பத்துக் கேள்விகள் கொழும்பிலிருந்து வந்திருந்தன. பதில்களும் கூடவே வந்திருந்தன.

மேனேஜர் பிரதாப் தன் போனை வினோதாவிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக்க வினோ. மனப்பாடம் வேணாம். சும்மா பேசுற மாதிரி சொன்னாப் போதும்."

வினோதா படித்தாள். பிடித்த உணவு, தேநீரோடு தின்னும் ஸ்கோன் பன். பிடித்த மலர், ரோஜா. பிடித்த பொழுது, மழை பெய்யும் மாலை.

"யாரு சார் இந்தப் பொண்ணு?"

"நீதான்."

"ஸ்கோன் நெஞ்ச அடைக்கும் சார்."

வரவேற்பறையின் மறுமூலையில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்த ரிஃகான் சிரித்தான். அவனுக்கு நுவரெலியா பஜாரில் ஸ்டூடியோ. கல்யாண வீடுகள்தான் அவனுடைய பிழைப்பு. ஹோட்டலுக்கு வீடியோ எடுப்பது இதுவே முதல் தடவை.

ஹோட்டல் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவாக இருந்தது. ஹாக்னஸ் துரை கட்டியது. வரவேற்பறையில் இருக்கும் பியானோவும் அவர் வாங்கியது. பியானோவுக்கு மேலே சுவரில் அவருடைய படம் தொங்கியது. மாலைத் தேநீருக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு கேக்கைப் பார்ப்பார்கள். வினோதாவைப் பார்ப்பவர்கள் குறைவு.

மூன்று சீசனாக அவள் அங்கே தற்காலிகமாகப் பியானோ வாசிக்கிறாள். வீடியோ நன்றாக வந்தால் நிரந்தரமாக்குவதாகக் கொழும்பிலிருக்கும் டைரக்டர் மேடம் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆனால் சீசன் முடிந்த பிறகும் பியானோ இருக்கும். அவளுக்கு அதுதான் கணக்கு. அட்டன் சர்ச்சில் அவள் பழகிய பியானோவைக் கரையான் தின்றுவிட்டது. அங்கே இப்போது மின்சாரக் கீபோர்ட். வட்டவளைக்குக் கீழே அவள் வீடு இருக்கும் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் பியானோ வைப்பதென்றால் கட்டிலை வெளியே போட வேண்டும். அவள் தொடக்கூடிய பியானோ இது ஒன்றுதான்.

பத்தாவது கேள்விக்கு வந்தாள். நீங்கள் வியந்து மதிக்கும் மனிதர் யார்?

பதில் கீழே இருந்தது. ஹாக்னஸ் துரை. எங்கள் மக்கள் இன்றும் அவரை வணங்குகிறார்கள்.

அதற்குக் கீழே ஒரு படம். துரையின் படத்துக்கு முன்னால், ஹோட்டல் குசினியில் சமைக்கும் வீரய்யா தூபக்காலை ஏந்தி நிற்கிறார். புகை எழும்புகிறது. தலை குனிந்திருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்து இணையத்தில் போட்டதாம். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

"சார், இது பியானோவுக்குப் போட்ட சாம்பிராணி."

"தெரியும்."

வெள்ளிக்கிழமைகளில் குசினிப் பூசை முடிந்ததும் வீரய்யா தூபக்காலோடு ஹோட்டல் முழுக்கச் சுற்றுவார். பனி இறங்கும் மாதங்களில் பியானோக் கட்டைகள் ஈரத்தில் ஊதி ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் எழும்பாது. கொஞ்சம் தணல் சூடு காட்டச் சொல்லி வினோதாதான் அவரைக் கேட்டாள். தரையில் வைத்தால் கம்பளம் பொசுங்கும். அதனால் அவர் கையில் பிடித்துக்கொண்டே நிற்பார். புகை கண்ணில் ஏறாமலிருக்கத் தலையைக் குனிந்துகொள்வார்.

"தெரிஞ்சுமா இத எழுதியிருக்கீங்க?"

"நான் எழுதல. மேடம் எழுதுனாங்க. அவங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

அப்போது வீரய்யாவே தேநீர்த் தட்டோடு வந்தார். பிரதாப்புக்கு ஒன்று, ரிஃகானுக்கு ஒன்று வைத்தார்.

"படம் பாத்தீங்களா மாமா?" என்று வினோதா கேட்டாள்.

"காட்டுனாங்க புள்ள. வழுக்க நல்லா பளபளன்னு விழுந்திருக்கு."

"துரையக் கும்பிடுறீங்களாம்."

"இவரையா?" வீரய்யா அண்ணாந்து பார்த்தார். "நான் இதுவரைக்கும் இந்த ஓட்டல் மொதலாளியோட அப்பான்னுல்ல நெனச்சேன்."

ரிஃகான் தேநீரைத் துப்பிவிடாமல் விழுங்கப் பாடுபட்டான். பிரதாப் சிரிக்கவில்லை.

"ஆரம்பிங்க தம்பி" என்றார்.

ரிஃகான் கேள்விகளைத் தமிழில் கேட்டான். கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போடுவதாக ஏற்பாடு. வினோதா பியானோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புடிச்ச சாப்பாடு?"

"ரொட்டியும் கட்டச் சம்பலும். மாசிக் கருவாடு கூடப் போட்டு."

பிரதாப் நெற்றியைத் தேய்த்தார்.

"புடிச்ச பூ?"

"பூக்கோவா."

காலிஃப்ளவர் என்றதும் கேமரா ஆடியது. "தங்கச்சி, சிரிக்க வைக்காதீங்க. மறுபடி எடுக்க ஏலாது, பேட்டரி கொஞ்சந்தான் இருக்கு" என்றான் ரிஃகான்.

"உண்மையாத்தான். வறுத்தா."

"மழை புடிக்குமா?"

"புடிக்காது. கட்டை ஒட்டும்."

"பாட்டு இல்லாத நேரத்துல?"

"வாலிபால் பாப்பேன். எங்க தோட்டத்து டீம் தோத்தா ரெண்டு நாளைக்கு யார்கூடயும் பேச மாட்டேன்."

"எந்த மாதிரி வாசிக்கப் புடிக்கும்?"

"வேகமா. எடக்கைக்கு நெறைய வேலை இருக்கணும். இங்க அதெல்லாம் வாசிக்க விட மாட்டாங்க. கோப்பை ஆடுதாம்."

"வினோ" என்றார் பிரதாப். எச்சரிக்கைதான், ஆனால் குரலை உயர்த்தவில்லை. "மத்ததெல்லாம் போகட்டும். பத்தாவது மட்டும் ஒழுங்கா சொல்லிரு. மத்தத வெட்டிக் கிட்டிப் போட்டுக்கலாம்."

ரிஃகான் போனைப் பார்த்துக் கேட்டான். "நீங்க வியந்து மதிக்கிற ஆள் யாரு?"

வினோதா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசை நன்றாக இருந்தது.

"இவர எனக்குத் தெரியாது" என்றாள். "நல்லவரா கெட்டவரான்னும் தெரியாது. தெரியாத ஆள எப்படி மதிக்கிறது? பியானோ வாங்குனாரு. வாசிச்சாரா?"

"அவங்க வொய்ஃப் வாசிச்சாங்க" என்றார் பிரதாப்.

"அவங்க பேரு?"

பிரதாப்புக்குத் தெரியவில்லை.

"அந்தம்மா படம் மாட்டியிருந்தா யோசிக்கலாம். என்ன வாசிச்சாங்கன்னு கேட்டிருப்பேன்." கேமராவின் பக்கம் திரும்பினாள். "எங்க ஆளுங்க இவரக் கும்பிடல. அந்தப் புகை பியானோவுக்கு. ஒருத்தர மதிக்கிறதுன்னா அவரு செஞ்ச ஒரு வேலைய மதிப்பேன். ஆள முழுசா மதிக்க மாட்டேன். மாலை போட மாட்டேன். கால்ல விழ மாட்டேன்."

"அப்ப யாரத்தான் சொல்லுறீங்க?"

"தனுஜா. ஏரிப் பக்கத்து ஓட்டல்ல வாசிக்கிறா. அந்த வேலைக்கு நானும் போனேன், அவளுக்குத்தான் கெடச்சுது. அவ எடக்கை மாதிரி எனக்கு வராது. இங்க டீ குடிக்கிறவங்க ஒருநாள் அங்க போய்க் கேளுங்க."

ரிஃகான் கேமராவை நிறுத்தவில்லை. பிரதாப் போய் நிறுத்தினார்.

"ஒனக்கு என்ன புத்தி பெரண்டு போச்சா? நம்ம ஓட்டல் வீடியோவுல அடுத்த ஓட்டலுக்கு ஆள் அனுப்புற?"

"கேட்டீங்க. சொன்னேன்."

"இங்க பாரு. நானும் லயத்துப் புள்ளதான். எங்கப்பன் கணக்கப்புள்ள முன்னாடி கையக் கட்டி நின்னதப் பாத்தவன்தான். ஆனா இது ஒரு வரி. வாயால சொல்லிட்டுப் போற ஒரு வரி. யாருக்கு என்ன கொறஞ்சிரும்?"

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். கேமரா இருக்கு. பேட்டரியும் கொஞ்சம் இருக்காம்."

பிரதாப் கேமராவைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு கொழும்புக்குப் போன் போட்டார்.

டைரக்டர் மேடம் ஸ்பீக்கரில் வந்தார். ஆங்கிலமும் சிங்களமுமாகப் பேசினார். குரலில் கோபமே இல்லை. பத்தாவது பதிலை மட்டும் திரும்ப எடுங்கள், கொஞ்சம் சிரித்த முகமாக, என்றார். அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும், நேரம் கொடுங்கள், என்றார். முடியாது என்றால் சீசன் முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வேறு ஆள் பார்க்கலாம், என்றார்.

"கூச்சமில்ல மேடம்" என்று வினோதா சிங்களத்தில் சொன்னாள். "நான் செய்ய மாட்டேன்."

மறுமுனை, சரி, என்றது. போன் நின்றது.

பிரதாப் உட்கார்ந்தார். "அண்ணனா சொல்றேன். இன்னொருக்காப் பேசிப் பாக்கவா?"

"வேணாம் சார்."

"பியானோவுக்கு எங்க போவ?"

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இல்லாத பதிலுக்காக, கேமராவில் சொன்ன பதிலை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. எழுந்து பியானோவின் மூடியை இறக்கினாள். பையை எடுத்துக்கொண்டாள். ஊழியர்கள் குசினி வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அவள் முன்வாசல் வழியாகப் போனாள். அங்கே நின்ற காவலாளி பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டார்.

ஏரிப் பக்கத்து ஹோட்டலில் கூட்டம் குறைவு. வினோதா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தேநீர் சொன்னாள். தனுஜா வாசித்துக்கொண்டே அவளைப் பார்த்துவிட்டாள். முகம் இறுகியது. ஆனாலும் இடக்கை பிசகவில்லை. கீழ்க்கட்டைகளில் அது பாட்டுக்கு நடந்தது. வினோதா கண்ணை மூடிக் கேட்டாள். பொறாமை நெஞ்சில் எரிந்தது. கேட்பதை அது கெடுக்கவில்லை.

இடைவேளையில் தனுஜா நேராக மேசைக்கு வந்தாள்.

"என்னடி, வேவு பாக்க வந்தியா?"

"வேலை போயிருச்சு."

"ஐயோ. ஏன்?"

"கேமராவுல ஒன்னய மெச்சிட்டேன். துரைய மெச்சச் சொன்னாங்க."

தனுஜா அவளை உற்றுப் பார்த்தாள். "பைத்தியமா ஒனக்கு? நான் ஒன்னக் கேட்டேனா? நாளைக்கு எம் மேனேஜர் வந்து, நீ சொல்லிக் குடுத்தியான்னு என்னயக் கேப்பாரு."

"கேட்டா இல்லன்னு சொல்லு. நீ நல்லா இருக்கணும்னு சொல்லல. நல்லா வாசிக்கிறன்னு சொன்னேன். அதுவும் எடக்கை மட்டுந்தான்."

"அப்ப வலக்கை?"

"சுமார்."

தனுஜாவுக்குக் கோபம் வந்தது. போகத் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள்.

"என்ன சுமாரு? எந்த எடத்துல?"

"இங்கருந்து எப்படிச் சொல்றது? பியானோகிட்ட வா."

"கெஸ்ட் எல்லாம் இருக்காங்கடி."

"இருக்கட்டும்" என்று வினோதா எழுந்தாள்.