வெல்டரின் சாட்சியம்

ஒன்பது வருடங்களாகக் கணீர் அதே நான்கு பாட்டுகளைத்தான் ஓபராவில் பாத்திரம் கேட்கும் தேர்வுகளுக்குக் கொண்டுபோனாள். இரண்டு இத்தாலியன், ஒன்று பிரெஞ்சு, ஒன்று ஜெர்மன். எல்லாம் நூறு வருடம் தாண்டியவை. பாடுவதில் பிசிறு கிடையாது. ஆனால் அவளுக்கு முன்னால் பாடிவிட்டுப் போனவளும் அதையேதான் பாடியிருப்பாள், பின்னால் வருகிறவளும் அதையேதான் பாடுவாள்.

கணீர் என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆண்டு விழாவில் மைக் வாயை மூடிக்கொண்டபோது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடி முடித்தவள். இப்போது முப்பத்தாறு வயது. பகலில் ஒரு கண்ணாடிக் கடையில், லென்ஸ்களைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி தேய்த்துக் கொடுக்கும் வேலை. மாலையில், பாட்டாலேயே நாடகம் போடும் ஓபரா கம்பெனியின் கோரஸில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். அவளுடையது மெஸ்ஸோ குரல். பெண்குரல்களில் நடு உயரத்தில் நிற்பது. பழைய ஓபராக்களில் மெஸ்ஸோவுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது வேலைக்காரி, சூனியக்காரி, இல்லாவிட்டால் கால்சட்டை போட்ட பையன் வேஷம்.

அந்த வருடத் தேர்வில் அவள் இரண்டாவது பாட்டை முடித்ததும் கம்பெனியின் இயக்குநர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கு. இங்கிலீஷ்ல ஏதாவது இருக்கா? இந்தக் காலத்துல எழுதினது?"

"இல்லைங்க."

"அடுத்த வருஷம் ஒரு புது ஓபரா எடுக்கறோம். அதுக்கு இப்பவே ஆள் தேட ஆரம்பிச்சிருக்கோம்," என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடேயே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவளுடைய நாத்தனாரும் வந்திருந்தாள். கணவனின் தங்கை, இசைக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கி, எண் போட்டு, தூசி தட்டுகிறவள். இரண்டு ஸ்வரம் கூடச் சேர்ந்தாற்போலப் பாட வராது. நடந்ததைக் கேட்டதும் சொன்னாள்:

"அண்ணி, எங்ககிட்ட ஒரு அலமாரி முழுக்க அதுதான் கிடக்கு. கடைசி முப்பது நாப்பது வருஷத்துல எழுதின இங்கிலீஷ் ஓபரா. பாதிப் புத்தகத்துல ஒரு இரவல் முத்திரை கூட விழலை. பாடறவங்க வந்தா நேரா பழைய அலமாரிக்குப் போயிடறாங்க."

"யாரும் தொடாததை நான் பாடினா யாருக்குப் பிடிக்கும்?"

"முதல்ல உங்களுக்குப் பிடிக்குதான்னு பாருங்க."

அடுத்த சனிக்கிழமை இரண்டு துணிப்பை நிறைய இசைப் பிரதிகளோடு வந்து இறங்கினாள். சாப்பாட்டு மேசையில் பரப்பினார்கள். கடலுக்கடியில் கேபிள் போடும் கப்பலில் நடக்கிற கதை ஒன்று. பனிப்பாலைவன வானிலை நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்ட இரண்டு விஞ்ஞானிகளைப் பற்றி ஒன்று. ஒரே நாளில் பதினோரு கல்யாணத்தைப் பதிவு செய்து வைத்து எரிச்சலின் உச்சிக்கே போகிற பதிவாளர் அம்மாளைப் பற்றி ஒரு சிரிப்பு ஓபரா. கணீர் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இதில் வருகிற பெண்களுக்கு வேலை இருந்தது. சம்பள நாள் இருந்தது, முதுகுவலி இருந்தது. அதைவிட முக்கியம், பாதிக்கும் மேற்பட்ட பெரிய பாத்திரங்கள் அவளுடைய குரலுக்கே எழுதப்பட்டிருந்தன.

ஏழாவது பிரதியில் அவள் நின்றுபோனாள். ஒரு கப்பல் மூழ்கிவிட்டது. விசாரணை மன்றத்தில் அதைக் கட்டிய தளத்தின் வெல்டர், ஒரு பெண், சாட்சி சொல்ல வருகிறாள். எந்த இணைப்பை அவள் பற்றவைத்தாள், விரிசலை எந்தத் தேதியில் பார்த்தாள், மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யார் கண்டுகொள்ளவில்லை என்று சொல்கிறாள். அழுகை இல்லை, உச்சஸ்தாயிச் சாகசம் இல்லை. தாள எண்ணிக்கை மட்டும் ஏழு, ஐந்து, மறுபடி ஏழு என்று மாறிக்கொண்டே போனது. நடுநடுவே வெறும் மௌனம், அதையும் எண்ணித்தான் நிற்க வேண்டும்.

"இதுதான்," என்றாள் கணீர்.

"உயரமான ஸ்வரமே காணோமே, அண்ணி."

"அதனாலதான் இது கஷ்டம்."

கஷ்டம் வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. இத்தாலியனில் உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்துவிடலாம். இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் மூன்று மெய்யெழுத்து தொங்கியது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவன் உதவிக்கு வந்தான். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் விழுந்ததை அப்படியே ஒரு நோட்டில் எழுதுவான். முதல் நாள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"எல்லாம் சரிதான். இந்த நண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்த நண்டுங்க?"

"மூணு தடவை நண்டு இருக்குன்னு எழுதிக் கொடுத்தேன், யாரும் கேக்கலைன்னு பாடறியே."

விரிசல் என்கிற கிராக், கதவைத் தாண்டும்போது நண்டு என்கிற கிராப் ஆகியிருந்தது. நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். கணீருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த ஒற்றை மெய்யெழுத்துக்கு மட்டும் தினமும் பத்து நிமிடம் கொடுத்தாள். நண்டு ஒழிய மூன்று வாரம் ஆனது.

வீட்டில் பியானோ இல்லை. கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். பாட்டின் சுருதிக்கு அரை ஸ்வரம் தள்ளி நிற்கிற, காதைக் குடைகிற ஒரு சத்தம். கணீர் வேலை செய்துகொண்டே அதற்கு மசியாமல் வாய்க்குள் தன் ஸ்வரத்தைப் பிடித்து நிற்கப் பழகினாள். முதலில் ஒவ்வொரு முறையும் இயந்திரம் ஜெயித்தது. மூன்று மாதத்தில் அது பாட்டுக்கு அது கத்தியது, அவள் பாட்டுக்கு அவள் நின்றாள். வருடம் முடிவதற்குள் அந்த அலமாரியிலிருந்து ஐந்து பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம்.

மறுவருடத் தேர்வில் அவளுக்குக் காலை பதினொன்றரை மணி. வராந்தாவில் காத்திருந்தபோது கதவு வழியாக அவளுடைய பழைய நான்கு பாட்டில் இரண்டை வேறு யாரோ பாடக் கேட்டாள். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. உள்ளே போய், கம்பெனியின் பியானோக்காரரிடம் இசைப் பிரதியைக் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"இதை யாரும் கொண்டுவந்ததில்லையே."

"மெதுவாவே போகலாம்ங்க. நான் எண்ணிக்கிறேன்."

சாட்சியம் தொடங்கியது. முதல் இரண்டு பக்கம் இருவரும் ஒன்றாகவே போனார்கள். மூன்றாவது பக்கத்தைப் புரட்டும்போது பியானோ நின்றது. தாள்களை அவள்தான் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். பசை கசிந்து இரண்டு தாள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. பியானோக்காரர் நகத்தால் பிரிக்கப் பார்த்தார், தாள் கிழிகிற சத்தம் கேட்டது.

நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்கலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாட்டில் அது ஒரு மௌனத்தின் இடம். மன்றத் தலைவர் கேள்வி கேட்டுவிட்டார், வெல்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. கணீர் மேசைக்குப் பின்னால் இருந்த ஐந்து பேரையும் நேராகப் பார்த்தபடி ஏழு எண்ணினாள், ஐந்து எண்ணினாள். பிறகு தனியாகப் பாடினாள்.

பதினெட்டு பார், அதாவது பதினெட்டு தாளச் சுற்று. துணைக்கு எதுவும் இல்லை. முதல் தடவை எழுதிக் கொடுத்த தேதி, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. ஒவ்வொரு சொல்லும் அறையின் கடைசிச் சுவரில் போய்த் தைத்தது. குரலை உயர்த்தவே இல்லை. மேசையில் யாரோ காகிதம் திருப்பிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தமும் நின்றது. பியானோக்காரர் ஒருவழியாகப் பக்கத்தைப் பிரித்துவிட்டார். ஆனால் உடனே புகவில்லை. கையை விசைகளின் மேல் வைத்தபடி அவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிச் சொல்லை அவள் நீட்டிப் பிடித்து நின்றபோது, இறுதி ஸ்வரக்கூட்டை மெதுவாக அழுத்தினார்.

பொருந்தியது. அவள் எந்த இடத்தில் நின்றாளோ அதே இடத்தில் பியானோவும் வந்து நின்றது, ஒரு மயிரிழை மேலே இல்லை, கீழே இல்லை.

பியானோக்காரர்தான் முதலில் பேசினார். "பதினெட்டு பார்," என்றார் மேசையைப் பார்த்து. "நான் துணைக்கே இல்லை."

இயக்குநர் அம்மாள் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "இந்த மாதிரி இன்னொண்ணு வச்சிருக்கீங்களா?" என்றார்.

"இன்னும் நாலு இருக்குங்க. சிரிக்க வைக்கிறது வேணுமா, அழ வைக்கிறது வேணுமா?"

சிரிப்பைத்தான் கேட்டார்கள். கல்யாணப் பதிவாளர் ஒன்பதாவது மாப்பிள்ளையிடம் பேனாவைத் திருப்பிக் கேட்கிற இடத்தில் மேசையின் ஓரத்தில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கடையில் அழைப்பு வந்தது. புது ஓபராவில் தலைமைப் பாத்திரம்; உடையப்போகிற அணையின் பொறியாளர். கணீர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கண்ணாடி வாங்க வந்த பெரியவரிடம், "ரெண்டு நிமிஷம் இருங்கய்யா," என்று சொல்லிப் பின்னறைக்குப் போனாள். நாத்தனாருக்குப் போன் செய்தாள். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் அவள் ஒன்றும் பேசாமல் கேட்டாள். பிறகு மேசையில் அவள் தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் மட்டும் போனில் வந்தது.

ஓபரா பதினான்கு முறை நடந்தது. முதல் காட்சியன்று திரை விழுந்தபின் அரங்கம் எழுந்து நின்றது. கணீர் மூன்று முறை வெளியே வந்து வணங்கினாள். நான்காவது முறை கோரஸில் இருந்த தோழிகளே பின்னாலிருந்து அவளை முன்னே தள்ளிவிட்டார்கள்.

ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த ஓபராவின் இசையமைப்பாளர் வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு.

"அடுத்த ஓபரா ஆரம்பிக்கிறேன். உங்க குரலுக்கு எழுதலாம்னு இருக்கேன். எது வசதி, எது வேண்டாம்னு சொல்லிடுங்க."

கணீர் பஞ்சைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க," என்றாள். "கொஞ்சம் நேரம் ஆகும்."